வண்டியில் இன்வெர்ட்டர்: பழுது எங்கே என்று நாமே கண்டுபிடிப்போம்



கறவை மாடு, தையல் என்று தொழில் தொடங்கிய நம் குழுக்கள் இன்று வண்டித் தொழிலுக்கும் வந்துவிட்டன. லோடு ஆட்டோவில் மாலை நேர டிபன் கடை போடுகிறார்கள். சந்தைக்குச் சந்தை சிறுதானியத் தின்பண்டம் கொண்டுபோய் விற்கிறார்கள். வண்டியிலேயே ஜூஸ் போட்டுத் தருகிறார்கள். இப்படிப்பட்ட வண்டிகளில் விளக்கும் மிக்ஸியும் ஓட இன்வெர்ட்டர் பொருத்தியிருப்போம். அது ஓடும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுவிட்டால் அன்றைய வியாபாரமும் நின்றுவிடும்.

நின்றதும் என்ன செய்கிறோம்? "இதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்று யாரையாவது கூப்பிடுகிறோம். வந்தவர் சொல்வதுதான் கணக்கு. அவர் கேட்கிற பணம் குழுவின் லாபத்தில் இருந்தோ சேமிப்பில் இருந்தோதான் போகிறது. குழுவின் வரவு செலவை நாமே எழுதுகிறோம், வங்கியில் நாமே பேசுகிறோம். இந்தப் பெட்டியைப் பற்றியும் நாலு விஷயம் தெரிந்துகொண்டால் நல்லதுதானே? இந்த இதழின் பாடம் அதைப் பற்றியதுதான். படிக்கத் தெரிந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

வண்டி பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் டி.சி. கரண்டு. வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் ஏ.சி. கரண்டு. மிக்ஸியும் வீட்டு விளக்கும் 230 வோல்ட்டில்தான் ஓடும். பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி 230 வோல்ட்டாக மாற்றித் தருகிற பெட்டிதான் இன்வெர்ட்டர். அது கரண்டை உற்பத்தி செய்வதில்லை. பேட்டரியில் இருப்பதை உருவம் மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். அதனால் பழுது என்று வந்தால் முதலில் பெட்டியைச் சந்தேகப்படாமல், பெட்டிக்கு வருகிற வழியைப் பார்க்க வேண்டும். பேட்டரி, பேட்டரி முனை, கேபிள், ஃபியூஸ், அதற்குப் பிறகுதான் பெட்டி. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டாரைக் கழற்றுவோமா? அதே கதைதான் இங்கும்.

எல்லா வண்டியும் 12 வோல்ட் இல்லை. பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டிகளில் பலவற்றில் நாலு பேட்டரியைச் சேர்த்து 48 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அங்கே 12 வோல்ட் இன்வெர்ட்டரை மாட்டினால் பெட்டி உடனே கெட்டுவிடும். நாலில் ஒரு பேட்டரியில் மட்டும் மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் அந்த ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் வற்றி, மற்ற மூன்றையும் கெடுக்கும். செய்ய வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒவ்வொரு மின்சாதனத்திலும் வாட் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அந்த வாட்டை 10-ஆல் வகுத்தால், 12 வோல்ட் பேட்டரியில் இருந்து அது ஏறக்குறைய எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். 12-ஆல் தானே வகுக்க வேண்டும் என்று கேட்கலாம். பெட்டி மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. அந்தச் சேதாரத்தையும் சேர்த்துத்தான் 10 என்று வைத்துக்கொள்கிறோம்.

10 வாட் எல்.இ.டி. விளக்கு நாலு, அதாவது 40 வாட். சின்ன மின்விசிறி 50 வாட். செல்போன் சார்ஜர் 10 வாட். மொத்தம் 100 வாட். 10-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர்.

500 வாட் மிக்ஸி என்றால் 50 ஆம்பியர். 750 வாட் மிக்ஸி என்றால் 75 ஆம்பியர். இண்டக்சன் அடுப்பு 2,000 வாட் என்றால் 200 ஆம்பியர்! அதனால்தான் வண்டி இன்வெர்ட்டரில் இண்டக்சன் அடுப்பு வேண்டவே வேண்டாம் என்கிறோம்.

இனி பேட்டரியைப் பாருங்கள். அதன் மேல் 60 ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் பேட்டரி, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்காகச் செய்தது. ஒரே மூச்சில் நிறையக் கொடுக்கும், ஆனால் முழுவதும் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறைந்துவிடும். அதனால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. பாதி என்றால் 30 ஆம்பியர் மணி. எஞ்சினை நிறுத்திவிட்டு மேலே சொன்ன 100 வாட் சாமான்களை ஓட்டினால் 30-ஐ 10-ஆல் வகுத்து 3 மணி நேரம் வரும். இதோடு 500 வாட் மிக்ஸியை மொத்தம் 12 நிமிடம் ஓட்டினால் இன்னும் 10 ஆம்பியர் மணி போய்விடும். அப்போது விளக்குக்கு 2 மணி நேரம்தான் மிச்சம். பழைய பேட்டரி என்றால் இதிலும் குறையும். இந்தக் கணக்கைப் போடாமல் "நேத்து ராத்திரி ஏழு மணிக்கே நின்னுடுச்சு" என்று பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

தினமும் நாலைந்து மணி நேரம் ஓட வேண்டும் என்றால் இன்வெர்ட்டருக்குத் தனியாக ஒரு பேட்டரி வைப்பதுதான் சரி. வீட்டு இன்வெர்ட்டருக்கு விற்கிறார்களே, டியூபுலர் பேட்டரி, அதன் தகடுகள் தடிமனாக இருக்கும். மெதுவாக, நீண்ட நேரம் கொடுப்பதற்கு என்றே செய்தது அது. வண்டியில் வைத்தால் அசையாமல் கட்ட வேண்டும், காற்றோட்டம் வேண்டும், ஆசிட் சிந்தாத தட்டில் வைக்க வேண்டும்.

கை வைக்கும் முன்

சகோதரிகளே, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

12 வோல்ட் நம்மை ஷாக் அடிக்காது. ஆனால் பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரு இரும்போ தங்கமோ ஒரே நேரத்தில் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாகப் பாயும். நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். எனவே பேட்டரி அருகே குனியும் முன் கண்ணாடி அல்லாத வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கழுத்துச் சங்கிலியும் தாலியும் தொங்காதபடி ஜாக்கெட்டுக்குள் போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராது. அதனால்தான் உள்ளே போடச் சொல்கிறோம். ஸ்பானரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

பேட்டரி கேபிளைக் கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது மைனஸ் முனையைக் கடைசியில் மாட்ட வேண்டும். வண்டியின் பாடி முழுவதும் மைனஸோடு சேர்ந்திருப்பதால் இந்த வரிசை. மாற்றிச் செய்தால் ஸ்பானர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும்.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி, எரியும் அடுப்பு கூடாது. டிபன் வண்டி என்றால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் பேட்டரி வேலை.

இன்வெர்ட்டரின் மறுபக்கம், அதாவது பிளக் சொருகும் பக்கம், 230 வோல்ட். அது வீட்டுக் கரண்டு போலவே ஆளைக் கொல்லும். ஈரக்கையோடு தொடாதீர்கள். பெட்டியின் மூடியை யாரும் திறக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிய பிறகும் உள்ளே சில பாகங்களில் கரண்டு தங்கியிருக்கும். அது பழுது பார்க்கப் படித்தவர்கள் வேலை. நம் வேலை பெட்டிக்கு வெளியே.

மல்டிமீட்டர் என்ற நல்ல தோழி

மின்சாதனக் கடையில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். குழுப் பணத்தில் ஒன்று வாங்கி வண்டியில் வையுங்கள். திருகியை டி.சி. வோல்ட் 20 என்ற இடத்தில் வைத்து, சிவப்பு முள்ளைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முள்ளை மைனஸிலும் வைத்தால் எண் வரும். ஆம்பியர் பார்க்கும் இடத்தில் திருகியையோ ஒயரையோ வைத்துவிட்டு பேட்டரியைத் தொடவே கூடாது.

வண்டி நின்று சில மணி நேரம் ஆன பிறகு, எதுவும் ஓடாதபோது, பேட்டரியில் பாருங்கள்:

12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது.
12.2 என்றால் ஏறக்குறைய பாதி.
12-க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பார்த்தால் சாதாரணமாக 13.8 முதல் 14.4 வரை காட்டும். எஞ்சின் ஓடியும் 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம். இது வண்டி மெக்கானிக் வேலை, இன்வெர்ட்டர்காரர் வேலை இல்லை.

குறையும் காரணமும்

1. ஒன்றுமே வரவில்லை, சின்ன விளக்குகூட எரியவில்லை

பெட்டியின் சுவிட்சு போட்டிருக்கிறதா பாருங்கள். சிரிக்க வேண்டாம், பல நேரம் இதுதான் காரணம். அடுத்து ஃபியூஸ். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒன்றும், பெட்டியில் ஒன்றிரண்டும் இருக்கும். ஃபியூஸ் போயிருந்தால் ஏன் போனது என்று கேட்க வேண்டும். பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போயிருந்தால் போகும். கேபிள் உரசித் தோல் கிழிந்து பாடியில் பட்டால் போகும். காரணத்தைச் சரி செய்துவிட்டு அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். பெரிய ஃபியூஸ் போடுவது, செம்புக் கம்பியைச் சுற்றுவது, சிகரெட் பெட்டிக் காகிதத்தைச் சுருட்டி வைப்பது எல்லாம் வண்டியைக் கொளுத்துவதற்குச் சமம். ஃபியூஸ் எரிய மறுத்தால் கேபிள் எரியும்.

டாஷ்போர்டில் செல்போன் சார்ஜர் சொருகும் குழியில் இன்வெர்ட்டரை மாட்டியிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் குழிக்கு வழக்கமாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான். 100 வாட் வரை தாங்கும். மிக்ஸி மாட்டினால் ஃபியூஸ் போகும். சில வண்டிகளில் சாவி போட்டால்தான் அந்தக் குழியில் கரண்டே வரும்.

2. கீ கீ என்று கத்துகிறது, பிறகு நின்றுவிடுகிறது

பேட்டரி வோல்ட் குறைகிறது என்று பெட்டி சொல்கிறது. பொதுவாக 10.5 முதல் 11 வோல்ட்டுக்குள் கத்தத் தொடங்கி, இன்னும் இறங்கினால் தானாக நின்றுவிடும். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். சத்தம் வந்ததும் மிக்ஸியை நிறுத்துங்கள். எஞ்சினைப் போடுங்கள். திறந்த வெளியில் மட்டும் எஞ்சினை ஓடவிடுங்கள். மூடிய கொட்டகையில் புகை தங்கினால் உயிருக்கே ஆபத்து.

பேட்டரியில் நல்ல வோல்ட் இருந்தும் கத்துகிறதா? அப்படியென்றால் வழியில்தான் பழுது. அடுத்த குறையைப் படியுங்கள்.

3. விளக்கு எரிகிறது, மிக்ஸி போட்டதும் நின்றுவிடுகிறது

நம் குழுக்களில் அதிகம் வரும் குறை இது. இரண்டு காரணம் இருக்கும்.

முதல் காரணம், மோட்டார் உள்ள எந்தச் சாதனமும் கிளம்பும்போது தன் வாட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். மாட்டு வண்டி மேட்டில் கிளம்பும்போது மாடு மூச்சு பிடிப்பது போலத்தான். 500 வாட் மிக்ஸிக்கு 500 வாட் பெட்டி போதாது. 1,000 வாட்டாவது வேண்டும். ஜாரை நிரப்பாமல் பாதி போடுங்கள், தேங்காயைச் சின்னதாக நறுக்குங்கள், முதல் வேகத்தில் கிளப்பிப் பிறகு கூட்டுங்கள். கிளப்பும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள்.

இரண்டாவது காரணம், கேபிள் மெலிசாக இருக்கும், அல்லது முனை தளர்ந்திருக்கும், அல்லது முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஒருவர் மிக்ஸியை ஓட்ட வேண்டும். இன்னொருவர் முதலில் பேட்டரி முனையில் வோல்ட் பார்க்க வேண்டும். பிறகு இன்வெர்ட்டரின் பின்பக்க முனையில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

இந்தச் சோதனையின் அருமையை ஒரு குழுவில் நேரில் பார்த்தேன். வாரச் சந்தைகளில் பணியாரமும் சட்னியும் விற்கும் குழு. மிக்ஸி போட்டாலே பெட்டி கத்தி நின்றது. வந்து பார்த்த பழுதுக்காரர் மூடியைக்கூடக் கழற்றாமல், "அக்கா, போர்டு போச்சு. மாத்தித்தான் ஆகணும்" என்று 6,500 ரூபாய் கேட்டார். வண்டிக் கடன் தவணையே அந்த மாதம் இழுத்துப் பிடித்துக் கட்டியிருந்தார்கள். சேமிப்பில் இருந்து எடுக்கலாம் என்று தீர்மானம் எழுதத் தயாராகிவிட்டார்கள். அதில் ஒரு உறுப்பினர் மட்டும், "போர்டு போயிருந்தா விளக்கு எப்படி எரியுது?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. கூட்டமைப்பு மீட்டரைக் கொண்டு பார்த்தோம். மிக்ஸி ஓடும்போது பேட்டரி முனையில் 12.1, பெட்டி முனையில் 10.6. நடுவில் 1.5 வோல்ட் காணாமல் போயிருந்தது.

எங்கே போனது? 50 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் போகிறது என்றால் 75 வாட் சூடாகப் போகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பைவிட அதிகச் சூடு ஒரு தளர்ந்த முனையில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மிக்ஸியை நிறுத்தி, கேபிளின் தோலை ஓரமாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தபோது பிளஸ் முனை அருகே சுட்டது. முனையில் வெள்ளைப் பொடி அப்பிக் கிடந்தது. சுத்தம் செய்து இறுக்கினார்கள். மிக்ஸி ஓடியது. செலவு, ஒரு பொட்டலம் ஆப்ப சோடா. 6,500 ரூபாய் குழுவிலேயே நின்றது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சூடு அப்படியே இருந்திருந்தால் சிலிண்டர் இருக்கிற வண்டியில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சுத்தம் செய்யும் முறை: பெட்டியை நிறுத்துங்கள். மைனஸ் முதலில், பிளஸ் பிறகு கழற்றுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து, பழைய டூத் பிரஷால் முனையைத் தேயுங்கள். நுரைத்து வரும், பயப்பட வேண்டாம். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போனால் பேட்டரி கெடும். நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில் மாட்டி இறுக்குங்கள். மேலே லேசாக வாசலின் தடவுங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேபிள் மெலிசு என்றால் மாற்றத்தான் வேண்டும். வீட்டு பிளக்குக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இங்கே போட்டிருப்பார்கள். 500 வாட் மிக்ஸிக்கு 16, 750 வாட்டுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். நீளம் கூடினால் தடிமனும் கூட வேண்டும்.

4. பத்து நிமிடம் ஓடி நிற்கிறது, ஆறியதும் மறுபடி ஓடுகிறது

சூடு. பெட்டியின் பக்கத்தில் காற்றுப் போகும் துளைகள் இருக்கும். கோதுமை மாவு, கோழித்தீவனத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு இவை அடைத்துக்கொள்ளும். பெட்டி அழுக்காகக் கூடாது என்று துணி போட்டு மூடி வைப்பவர்களும் உண்டு. மூடக் கூடாது. நாலு பக்கமும் நாலு விரல் இடைவெளி வேண்டும். பெட்டி அடுப்பு, எஞ்சின், சிலிண்டர் மூன்றுக்கும் தள்ளி இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன விசிறி சுற்றவில்லை என்றால் அது பழுதுக்காரர் வேலை.

5. எஞ்சின் போட்டால் பெட்டி நிற்கிறது

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 15-க்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றிருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது இன்வெர்ட்டரை எப்போதும் நிறுத்தி வையுங்கள்.

6. மிக்ஸி, விசிறி "ம்ம்ம்" என்று இரைகிறது

விலை குறைந்த பெட்டிகள் வீட்டுக் கரண்டு போல வளைந்த அலையைத் தருவதில்லை, படிப்படியாக ஏறி இறங்கும் அலையைத் தருகின்றன. மோட்டார்கள் அதில் இரையும், அதிகம் சூடாகும். பழுது இல்லை. ஆனால் மோட்டார் உள்ள சாதனங்களை நீண்ட நேரம் ஓட்டுவதாக இருந்தால் சைன் வேவ் என்று எழுதிய பெட்டிதான் வாங்க வேண்டும். இந்தப் பழைய வகைப் பெட்டியில் சாதாரண மீட்டர் வைத்து ஏ.சி. பார்த்தால் 230-க்குப் பதில் குறைவாகக் காட்டும். அதைக் காட்டி "வோல்ட் வரலை, பெட்டி போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

7. வண்டி பாடியிலோ மிக்ஸியிலோ விர்ரென்று அடிக்கிறது

உடனே நிறுத்துங்கள். அன்றைக்கு வியாபாரம் போனாலும் பரவாயில்லை. ஒயர் தோல் கிழிந்திருக்கலாம், பிளக்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். எலக்ட்ரீசியன் பார்த்துச் சொல்லும்வரை போடக் கூடாது. டெஸ்டர் எரியவில்லை, அதனால் கரண்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வண்டி இன்வெர்ட்டரில் டெஸ்டர் சரியாகக் காட்டாது.

8. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

ராத்திரி பெட்டியின் சுவிட்சை நிறுத்தினீர்களா? ஒன்றும் மாட்டாமல் இருந்தாலும் பெட்டி அரை ஆம்பியர் போல இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று நாள் வண்டி நின்றால் 36 ஆம்பியர் மணி போய்விடும். 60 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதிக்கு மேல்! சுவிட்சை நிறுத்துவது கடை மூடும் வேலையில் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒருபோதும் செய்யக் கூடாத ஒன்று

திருவிழாவில், சந்தையில் யாராவது வெளிக் கரண்டு தருவார்கள். இன்வெர்ட்டரில் இருந்து ஓடும் ஒயரிலேயே அந்தக் கரண்டையும் சொருகினால் பெட்டி அந்த நொடியே எரிந்துவிடும். இரண்டும் ஒரே ஒயரில் சேரவே கூடாது. வெளிக் கரண்டுக்குத் தனிப் பலகை, இன்வெர்ட்டருக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதுக்காரரிடம் எப்படிப் பேசுவது?

பெட்டியில்தான் பழுது என்று உறுதியான பிறகு கொண்டுபோங்கள். "ஓடலை" என்று மட்டும் சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, பேட்டரியில 12.6 இருக்கு. மிக்ஸி ஓடும்போது பெட்டி முனையிலயும் 12 வருது. ஃபியூஸ் பார்த்துட்டோம், சரியா இருக்கு. அப்பவும் நிக்குது." இப்படிப் பேசுகிற ஆளிடம் யாரும் கண்டபடி விலை சொல்ல மாட்டார்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில் வாங்குங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் வெளியில் யாரையும் திறக்கவிடாமல் வாங்கிய கடைக்கே கொண்டுபோங்கள். வண்டியின் ஒயரிங்கில் மாற்றம் செய்திருந்தால் இன்சூரன்ஸ் எடுத்த இடத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வண்டிப் பதிவேடு

தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு போல வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். வாரம் ஒருமுறை தேதி, காலையில் பேட்டரி வோல்ட், எஞ்சின் ஓடும்போது வோல்ட், முனை சுத்தமா, கேபிள் சூடா, பார்த்தவர் கையெழுத்து. இவ்வளவு போதும். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, தகடு மூழ்கும்படி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ ஊற்றக் கூடாது, அதில் உள்ள உப்பு பேட்டரியைக் கெடுக்கும். பார்க்கும் பொறுப்பை ஊக்குநர் ஒருவர் தலையில் கட்டாமல் உறுப்பினர்கள் முறை வைத்துச் செய்யுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவர் ஊருக்குப் போன அன்று வண்டி நிற்கும்.

இந்தக் கணக்கு இரண்டு மூன்று மாதம் சேர்ந்தால் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது எழுத்திலேயே தெரியும். புது பேட்டரிக்கு முன்கூட்டியே லாபத்தில் இருந்து ஒதுக்கலாம். திடீர் செலவு வந்து உள்கடன் கொடுக்கும் பணத்தில் கை வைக்கும் நிலை வராது.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் வண்டியில் ஓடும் சாதனங்களின் வாட் எவ்வளவு? கூட்டிப் பாருங்கள். நம் பெட்டி அதற்குப் போதுமா?

2. நம் பேட்டரி எத்தனை ஆம்பியர் மணி? எஞ்சின் நிறுத்திய பிறகு விளக்கு மட்டும் எத்தனை மணி நேரம் எரியலாம்?

3. பேட்டரி முனையில் 12.3, பெட்டி முனையில் 11.2 என்று மீட்டர் காட்டுகிறது. பழுது எங்கே? எதை முதலில் பார்ப்பீர்கள்?

4. ஃபியூஸ் அடிக்கடி போகிறது, பெரிய ஃபியூஸ் போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

5. வண்டிப் பதிவேட்டை இந்த மாதம் யார் எழுதுவது? தீர்மானமாக எழுதுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் இந்தப் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். மீட்டர் பிடிக்கப் பழக வேண்டும் என்று விரும்பும் குழுக்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வண்டியோடு வாருங்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் கையில் பிடித்துப் பார்த்துவிடலாம்.

– கள ஒருங்கிணைப்பாளர்